சின்னவள் திருப்பிக் கொடுத்த கால்கள்

என் தங்கை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன படிப்பு?" என்பதுதான். அப்பா பொறுமையாக விளக்குவார். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் காலைத் தாங்கும் பட்டைகள், செருப்புக்குள் வைக்கும் மெத்தைகள், செயற்கைக் கால்கள் எல்லாம் அளவெடுத்துச் செய்கிற படிப்பு. அவர் முடிப்பதற்குள் எங்கள் பெரிய மாமா உள்ளே புகுந்துவிடுவார். "கால் படிப்புக்கா அவ்ளோ தூரம் போறா? மீதி முக்கால எங்க போய்ப் படிப்பா?" இதை அவரே சொல்லி, அவரே சிரித்து, அடுத்த வீட்டு விசேஷத்திலும் சொன்னார்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். புது ஆள் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற ரகம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட என்னைத்தான் அனுப்புவாள். அப்படிப்பட்டவளுக்குப் போன இடத்தில் வாய்த்த வேலை என்ன தெரியுமா? முன்பின் தெரியாதவர்களிடம் போய், உங்கள் காலைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்பது.

அவள் படித்த இடத்தில் ஒரு பட்டறை இருந்தது. காலில் மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, இறுகியதும் வெட்டி எடுத்தால் உள்ளே காலியான கூடு கிடைக்கும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், நரம்பு, ஆணி, வளைந்த விரல் உட்பட அந்த ஆளின் கால் அப்படியே வெள்ளையாக எழுந்து நிற்கும். அதை வைத்துத்தான் மெத்தை செய்வார்கள். கூடப் படிக்கிறவர்கள் முதலில் ஒருவர் காலை ஒருவர் அளந்துகொண்டார்கள். பட்டறைப் பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை.

"இளசுங்க கால்ல என்ன கத்துக்கப் போறீங்க? வெளிய போய் உழைச்ச காலாப் பாத்துக் கொண்டுவாங்க."

சின்னவள் தினமும் போகும் பஸ்ஸை ஓட்டியவர் ஒரு நடுத்தர வயது அம்மா. இறங்கும்போது அவர் கால் நொண்டுவதை இவள் பல நாள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் கடைசி நிறுத்தம் வரை இறங்காமல் உட்கார்ந்திருந்து, மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க காலை எனக்குத் தருவீங்களா?"

அந்த அம்மா இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "திருப்பிக் குடுப்பியா?"

அங்கே ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து அறைப் பெண், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர், ரொட்டிக்கடைக்காரர் என்று கால்கள் தானாக வந்தன. "யார் காலைப் பிடிச்சாவது படிச்சு முடிச்சிடும்மா" என்று அப்பா போனில் சொன்னபோது, "காலையிலேர்ந்து அதைத்தான்பா பண்ணிட்டிருக்கேன்" என்றாள்.

கால் தராதவர் ஒரே ஒருவர். அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சட்டம்'. சமையலறையில் வெங்காயம் வதக்கினால் ஜன்னலைத் திறக்க வேண்டும், திறந்தால் அறைச் சூடு வீணாகாமல் உடனே மூட வேண்டும். மாடிப்படியில் ஓடக் கூடாது, ரொம்ப மெதுவாகவும் நடக்கக் கூடாது. அவர் நடந்தால் டொக் என்று ஒரு சத்தம், பிறகு சர்ர் என்று இழுக்கிற சத்தம். இடது கால் சரியில்லை என்பது சின்னவளுக்குக் குடிபோன வாரமே தெரிந்துவிட்டது. தயங்கித் தயங்கி ஒரு தடவை கேட்டாள்.

"என் கால் நல்லாத்தான் இருக்கு. மாவு படிஞ்ச உன் பக்கெட்டை முதல்ல கழுவி வை" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

படிப்பு முடியப் போகிற சமயத்தில் அவள் என்னை அடிக்கடி வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். போன புதிதில் அழுத அழுகை எங்களுக்குத்தான் தெரியும். இப்போது வேறு மாதிரி.

"அக்கா, இந்தக் குளியலறைக் குழாயை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் உறையும். இன்னிக்கு அதைத் தொடைச்சுத் தொடைச்சு வைக்கறேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"புதுசா ஒண்ணும் பிடிக்கல."

"கேளேன். தானா திறக்கிற கதவுக்கு நன்றி சொல்றேன். நாற்காலில இடிச்சுக்கிட்டா நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இந்தப் பழக்கத்தோட நம்ம ஊர் பஸ்ல ஏறினா என் நிறுத்தத்துல இறங்கவே மாட்டேன், எல்லாருக்கும் வழி விட்டுட்டே நிப்பேன்."

"முதல்ல இங்க வந்து இறங்கு."

பேசிக்கொண்டே இருந்தவள் திரையை லேசாகத் திருப்பினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், உன் பின்னாடி யாருடி வரிசையா நிக்கிறாங்க? மேல ஒண்ணையுமே காணோம்!"

ஜன்னல் விளிம்பு முழுக்கக் கால்கள். பட்டறை அலமாரியைக் காலி செய்ய வேண்டும், எடுத்துப் போகாவிட்டால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவேன் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். உடைக்கட்டும் என்று விட மனசு வரவில்லை. காய்கறிப் பைகளில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு கட்டைவிரல் பையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததும், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டாராம்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "இங்க ஒரு காலும் வரக் கூடாது, சொல்லிட்டேன்! உன்னோட ரெண்டைத் தவிர."

வேறு வழியில்லாமல் அவரவர் காலை அவரவரிடமே கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்தாள். ரொட்டிக்கடைக்காரர் தன் காலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்து அறைப் பெண் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள். பஸ் அம்மா தன் காலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் பக்கவாட்டில் வளைந்து மற்ற விரல்கள்மேல் ஏறியிருந்தது.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா பிரேக் போட்டேன்?" என்றார். பிறகு அதைத் தன் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று கத்தினார். "இருய்யா, என் காலு வந்திருக்கு" என்றாராம்.

நூலகத்துக்காரர் மட்டும் வேலையை விட்டு எங்கோ போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் காலைப் பையிலேயே வைத்துக்கொண்டு நூலகப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். அன்றைக்கு நான் கிண்டல் செய்யவில்லை.

கிளம்புகிற நாளும் வந்தது. பெட்டியை மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி நிறுத்தியிருந்தாள். கட்டிலில் விரிப்புகூட இல்லை. படியில் டொக், சர்ர் என்று சத்தம். கதவைத் தட்டியது சட்டம்.

"எல்லாருக்கும் கால் குடுத்தியாமே."

"அவங்க காலைத்தான் சார் அவங்களுக்குத் திருப்பிக் குடுத்தேன்."

"எனக்கு ஒண்ணும் வரல."

"நீங்க குடுத்திருந்தாத்தானே வரும்?"

அவர் உள்ளே வந்து, வெறும் மெத்தையில் உட்கார்ந்து, இடது பூட்ஸைக் கழற்றினார்.

அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த மாவுக்கட்டுத் துணி மேஜைமேல் இருந்தது. அதே பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், மனுஷன் கிக்கிக் என்று சிரித்தாரே பார்க்கலாம்! இரண்டு வருஷமாகப் பல்லைக் காட்டாதவர், கட்டிலில் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார்.

"எனக்கு... கூச்சம் ஜாஸ்தி. டாக்டர்கிட்டகூடக் காலைக் காட்டினதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

முதல் கட்டு அவர் உதறிய உதறலில் நசுங்கிப் போயிற்று. இரண்டாவதற்குப் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டு அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எப்படியோ சுற்றி முடித்தாள். துணி சூடாகி, இறுகி, கல்லானது. அப்போதுதான் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. அது பெட்டிக்குள். டேப்புக்குள். எல்லாத் துணிக்கும் அடியில்.

டேப்பைக் கிழித்துப் பெட்டியைக் கொட்டினாள். மெத்தை, ஜன்னல், தரை எங்கும் உடுப்புகள். வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். வெள்ளைக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சொன்னார், "குடியிருக்கறவங்க வீட்டுக்காரரைக் கட்டிப்போடக் கூடாதுன்னு ஒரு விதி எழுதாம விட்டுட்டேன்."

அவர் சொன்ன முதல் ஜோக் அதுதான். சிரிக்கக்கூட நேரமில்லை. கூட்டை வெட்டிக் கழற்றி, அது நசுங்காமல் இருக்க உள்ளே காலுறைகளைத் திணித்துக் கைப்பையில் வைத்தாள். பக்கத்து அறைப் பெண் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் அதை மூட முடிந்தது. இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு காலில் பூட்ஸும் மற்றக் காலில் மாவுப் பொடியுமாகப் படியில் நின்றிருந்தார்.

"படியெல்லாம் மாவு சிந்திட்டேன் சார். துடைச்சிடட்டுமா?"

"வேணாம். கிடக்கட்டும்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பிரியாவிடை யாருக்கும் கிடைத்திருக்காது என்று சின்னவள் சத்தியம் செய்கிறாள்.

விமான நிலையத்தில் கைப்பையைச் சோதித்தவர் கூட்டைத் தூக்கிப் பிடித்து, "என்ன இது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கால்."

"மிச்ச வீட்டுக்காரர் எங்கே?"

ஊருக்கு வந்த மறுநாளே மொட்டை மாடியில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள். துணி காயப்போட வந்த அம்மா போட்ட கூச்சலில் கீழ்வீட்டார் ஓடி வந்தார்கள். இப்போது சின்னவள் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். புது ஆட்களிடம் அவளாகவே போய்ப் பேசுகிறாள், நான்தான் பின்னால் நிற்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததும் அவள் செய்த முதல் மெத்தை அந்த இடது காலுக்குத்தான். தபாலில் அனுப்பிவைத்தாள்.

போன வாரம் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். போனைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடைவழியில் போய்ப் போய் வந்தார். டொக் கேட்டது, சர்ர் கேட்கவில்லை. நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி சார் இருக்கு?"

"கீச் கீச்னு சத்தம் வருது."

"வலி?"

இடது காலைத் தரையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "நான் சத்தத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன். நீ ஏன் பேச்சை மாத்தற?"

மெத்தைக்கு அடியில் கொஞ்சம் முகப்பவுடர் தூவச் சொன்னாள். நடைவழியில் பவுடர் சிந்துமே என்று கவலைப்பட்டார்.