இறந்தவர் பெயரில் பாய்ந்த தண்ணீர்

ஏரம்பு கிருசாந்தன் தமது வாழ்நாளில் ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். 2013 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினெட்டாம் திகதி முற்பகல் தாம் தமது வயலில் நின்றதாக, கைதான அன்றே அவர் சொன்னார். பின்னர் எவர் கேட்டபோதும் அதையே சொன்னார். விடுதலையை எல்லாக் கைதிகளும் கேட்பார்கள். அவர் அதனோடு, தாம் அங்கே நின்றதை எவராவது ஏற்று எழுத வேண்டும் என்றும் கேட்டார்.

அவர் பிறந்தது உருத்திரபுரத்தில், 1977 இல். தந்தை ஏரம்பு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலுக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர். 2006 இல் காலமானார். அவருக்குப் பின் சட்டப்படி காணி சேர வேண்டியது மூத்த மகன் ஜெயந்தனுக்கு. ஜெயந்தன் 2009 இல் காணாமற்போனார். இளையவரான கிருசாந்தனின் பெயருக்குக் காணியை மாற்றுவதாயின் மூத்தவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். தாய் பத்மாசனி அதற்கு இணங்கவில்லை. "பிள்ளை வந்து நிண்டு, என்னையேன் அம்மா சாக்காட்டினனீங்கள் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்பார். எனவே வயல் ஏரம்புவின் பெயரிலேயே கிடந்தது.

அந்நாளில் எங்கள் வாய்க்காலின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக இருந்தவன் நான். சிறுபோகத்தில் குளத்து நீர் குறைவு. ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத்தான் விடுவோம். முறை பெறுபவர் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். அனுமதிப்பத்திரத்தில் எந்தப் பெயர் உண்டோ அந்தப் பெயரையே எழுதி, அந்தப் பெயராலேயே ஒப்பமிடுவது எங்கள் வழக்கம். வேறு பெயர் கண்டால் காணி கைமாறிவிட்டது என்று விசாரணை வருமோ என்ற அச்சமே காரணம். அவ்வாறு இறந்தவர்கள் பதினொருவர் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பெற்றுவந்தார்கள். நானே அதை நடத்தினேன். அதில் பிழை இருப்பதாக ஒருநாளும் எண்ணியதில்லை.

குறிப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு கிருசாந்தனின் முறை தொடங்கியது. வாய்க்காற் காவலர் தம்பிஐயா புத்தகத்தை நீட்டியபோது நானும் அருகில் நின்றேன்.

"ஏரம்பண்ணை, வாங்கோ, கையெழுத்தை வையுங்கோ. செத்தும் உங்களுக்குத் தண்ணித் தாகம் அடங்கேல்லை!"

"அப்பு நேற்றுக் கனவில வந்தவர், தம்பிஐயாண்ணை. நீங்கள் அரை மணித்தியாலம் களவெடுக்கிறியளாம் எண்டு சொன்னவர்."

தம்பிஐயா சிரித்துக்கொண்டே மண்வெட்டிப் பிடியால் அவருடைய முதுகில் தட்டினார். கிருசாந்தன் தந்தையின் பெயரை எழுதிவிட்டு மடையில் போய் நின்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். முறை முடியும் நண்பகல் வரை எவரும் மடையை விட்டு அகலமாட்டார்கள். அகன்றால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போய்விடும். எங்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத செய்தி.

அன்று பத்தரை மணிக்கு, இருபது கிலோமீற்றருக்கு அப்பால் விசுவமடுவில் ஒரு கொள்ளை நடந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்த மரியமலர் என்ற பெண்ணை இருவர் தாக்கி, அவருடைய சங்கிலியை அறுத்துச் சென்றனர். அவர்கள் வந்தது சிவப்பு மோட்டார் சைக்கிளில். கிருசாந்தனிடமும் சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒன்பதாம் நாள் அவரைப் பிடித்தார்கள். அடையாள அணிவகுப்புக்கு முதல் நாள், பொலிஸ் நிலைய வாங்கில் அவர் இருத்தப்பட்டிருந்தபோது மரியமலரை அவ்வழியே அழைத்துச் சென்றார்கள். மறுநாள் வரிசையில் நின்ற பத்துப் பேரில் மரியமலருக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். அந்தப் பெண் பொய் சொன்னார் என்று கிருசாந்தன் ஒருபோதும் சொன்னதில்லை. "பாவம், அவா என்னைக் கண்டவா தானே. எங்க கண்டது எண்டதுதான் மாறிப்போச்சு" என்றார்.

தம்பிஐயா தாமாகவே பொலிஸ் நிலையத்துக்குப் போய், கிருசாந்தன் வாய்க்காலில் நின்றதைத் தாம் கண்டதாகச் சொன்னார். "அதை நீதிமன்றத்தில் சொல்லும்" என்று வாக்குமூலம் எழுதாமலே அனுப்பிவிட்டார்கள். குற்றப்பத்திரம் வர மூன்று ஆண்டுகள் சென்றன. பிணை கிடைக்காமல் கிருசாந்தன் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் காலத்துக்குள் தம்பிஐயா மாரடைப்பால் இறந்தார். எஞ்சிய சாட்சி நானும் புத்தகமுமே.

மேல் நீதிமன்றத்தில் 2018 இல் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரச தரப்புச் சட்டத்தரணி இளையவர், மரியாதையாகவே கேட்டார்.

"இந்தப் புத்தகத்தின்படி, பதினெட்டாம் திகதி தண்ணீர் பெற்றவர் யார்?"

"ஏரம்பு என்று எழுதியிருக்கிறது."

"குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியின் பெயர் ஏரம்புவா?"

"அவருடைய தந்தையின் பெயர்."

"தந்தை எப்போது காலமானார்?"

"2006 இல்."

"ஆகவே, இறந்து ஏழு ஆண்டுகளின் பின் எழுந்து வந்து கையெழுத்து வைத்திருக்கிறார்."

மன்றில் சிரிப்பு எழுந்தது. வழக்கத்தை நான் விளக்கினேன். பொய்ப் பெயரில் ஒப்பம் வாங்கிய செயலாளர் நான்தானா என்று அவர் கேட்டார், ஆம் என்றேன். பத்தரை மணிக்கு எதிரியை நேரில் கண்டீர்களா என்றார். இல்லை, எட்டு மணிக்கே கண்டேன் என்றேன். மடையை விட்டு ஒருவர் போகமாட்டார் என்பதை எந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிருசாந்தனின் சட்டத்தரணியும் அதைக் கேட்கவில்லை. பத்து ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. இறந்தவரின் பெயரில் ஒப்பமிடத் தயங்காத ஒருவர் என்ற தொடரும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

அடுத்த மாதம் பத்மாசனி அம்மா என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ஐயா, நான் மூத்தவனுக்கு அந்தத் துண்டை எடுத்திருந்தால், காணி இவன்ர பேரில வந்திருக்கும். புத்தகத்திலயும் இவன்ர பேர்தான் இருந்திருக்கும். அப்பிடித்தானே?"

அவர் நின்றபடியே அடுத்ததையும் கேட்டார்.

"இப்ப எடுத்தால் இவனை விடுவினமோ?"

அதனால் வழக்குக்குப் பயன் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்காக மறுத்து வந்த விண்ணப்பத்தை நிரப்பி, மூத்த மகன் இறந்துவிட்டதாகக் கையெழுத்திட்டார். சான்றிதழ் வந்தது. அதை மேன்முறையீட்டுக் கோவையில் சேர்க்குமாறு சட்டத்தரணியிடம் கொடுத்தார். சட்டத்தரணி அதைத் திருப்பிக் கொடுத்தார். 2020 இல் பத்மாசனி அம்மா காலமானபோது இளைய மகனைக் காவலோடு இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் விலங்கிட்ட கையால் தாய்க்கு வாய்க்கரிசி போட்டார்.

மனைவி சுதாஜினி வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, தையல் வேலைக்குப் போய் மகள் யதுர்ஷிகாவை வளர்த்தார். தகப்பன் பிடிபட்டபோது அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது. "உன்ர அப்பா பேயின்ர கையெழுத்து வைக்கிறவராமே" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். அந்தக் கேள்வியை எந்த நாள் கேட்டார்கள் என்பது உட்பட அவள் தகப்பனுக்குக் கடிதத்தில் எழுதினாள்.

மேன்முறையீடு 2022 இல் தீர்ந்தது. அணிவகுப்புக்கு முன் சாட்சிக்கு எதிரியைக் காட்டியதால் அடையாளம் காட்டியது செல்லாது என்று விடுவித்தார்கள். அப்படிக் காட்டக் கூடாது என்பது 2013 இலும் சட்டந்தான். காட்டியவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. சாட்சி சொல்ல வந்தவரின் வாக்குமூலத்தை அன்றே எழுத வேண்டும் என்றும், ஒருவரை மூன்று ஆண்டுகள் குற்றப்பத்திரமின்றி அடைத்து வைக்கலாகாது என்றும், பிழையாகத் தண்டிக்கப்பட்டவருக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்றும் நான் பலருக்கு மனு எழுதினேன். மனு கிடைத்ததாக இருவர் பதில் அனுப்பினர்.

விடுதலையாகி வீடு வந்த நான்காம் நாள் கிருசாந்தன் என்னை அழைத்தார். தலைமயிர் முழுவதும் நரைத்திருந்தது. பதினான்கு பக்கத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லுமாறு கேட்டார். சுதாஜினி குசினி வாசலில் நின்றார். பதின்மூன்று வயது யதுர்ஷிகா தகப்பனுக்குச் சற்றுத் தள்ளி இருந்தாள். பக்கம் பக்கமாகச் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

"ஐயா, நான் வயலில நிண்டனான் எண்டு எந்தப் பக்கத்தில இருக்கு?"

"இல்லை, தம்பி. அடையாளம் காட்டியது செல்லாது என்றுதான் இருக்கிறது. அதைத் தாண்டி அவர்கள் ஆராயவில்லை."

"இன்னொருக்கால் பாருங்கோ."

மீண்டும் பார்த்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அவர் மகளைப் பார்க்கவில்லை.

"அப்ப அண்டைக்கு நான் எங்க நிண்டனான் எண்டு அவை நினைக்கினம்?"

அதைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை என்றேன்.