மாடு நக்கிய வாங்கு

என் கணவர் நாலு பேர் சேர்ந்து இருக்கக்கூடிய மர வாங்கு ஒன்று செய்தார். செய்ததில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. அதில் படிந்த மரத்தூளைத் துடைக்கப் போய்ப் பட்ட பாடுதான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு.

எண்பத்தாறாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். கரம்பொனில் கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அவர் கந்தோரில் கிளாக்கர். நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு மூன்று அண்ணைமார், மூவரும் கடல் தொழில், மூவரும் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. கலியாணம் முடிந்து இரண்டு வருசமாகியும் அவர்களில் ஒருத்தர்கூட என் கணவரை ‘மச்சான்’ என்று கூப்பிட்டதில்லை. ‘கிளாக்கர்’தான். கிளாக்கர் சாப்பிட்டாச்சோ, கிளாக்கருக்கு வள்ளத்தில் தலைசுத்துமோ. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார், அது எனக்கு இன்னும் கோபம்.

மாதா திருநாளில் மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தை, தூக்கிக்கொண்டு ஊர் சுற்றி வரும்போது முன் காவுதடியை என் அண்ணைமார்தான் தோளில் வைப்பார்கள். இவர் பின்னால், பெண்களோடு பெண்களாக, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடப்பார். கண் மட்டும் அந்தத் தடியிலேயே இருக்கும். ஆசையை வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பெண்சாதிக்குத் தெரியாதா?

அந்த வருசம் திருநாள் பூசை முடிந்ததும் அண்ணைமார் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக ஒழுங்கு. வீட்டில் இருந்ததோ இரண்டு கதிரை. ஒன்றுக்குக் கால் ஆட்டம். அப்போதுதான் இந்த மனிதர் தானே ஒரு நீள வாங்கு செய்யப்போவதாகச் சொன்னார். கந்தோரில் பேனை பிடிக்கிற கை. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேப்பம்பலகை எடுத்து, அறுத்து, துளைத்து, பொருத்தி, வாங்கு மாதிரியே ஒரு வாங்கு செய்துவிட்டார்.

பிறகுதான் பெயின்ற். பட்டணத்துக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்த சண்டைக் காலம். எங்கேயோ தேடி ஒரேயொரு சின்ன ரின் நீலப் பெயின்ற் பிடித்து வந்தார். அது பிழைத்துப் பாழானால் வேறு இல்லை. ஆகவே பூசுமுன் பலகையில் ஒரு பொட்டுத் தூள் இருக்கக்கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தால் மாவு மாதிரித் தூள் வருகிறது. அதைத் துடைத்தால் போதும் என்று நினைத்தார். சோளகக் காற்று அப்படி நினைக்கவில்லை.

முற்றத்தில் வைத்து வாயால் ஊதினார். தூள் சுற்றிவந்து அவர் கண்ணுக்குள்ளேயே போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்புத்தடியால் தட்டினார். தூள் கொஞ்சம் போக, தும்பு கொஞ்சம் வந்து ஒட்டியது. கோழி இறகு கேட்டார். கோழியைத் துரத்திக்கொண்டு நானும் ஓடினேன், அந்த வெட்கத்தை ஏன் கேட்கிறீர்கள். கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தார். எங்கள் கிணறு உப்பு. பலகை காய்ந்ததும் தூளைவிட வெள்ளையாக உப்புப் பூத்தது. திரும்பவும் சாண்ட் பேப்பர். திரும்பவும் தூள்.

நான் அப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பனம்பழம் விழுகிற காலத்தில் அவர் இடுப்பில் கட்டிப் பழசான சாரம், பிடிதுணி எல்லாவற்றுக்கும் நான் சவர்க்காரம் போடுவதில்லை; பழத்தைப் பிசைந்தெடுத்த பனங்களியைக் கரைத்து ஊறவைத்துத் தோய்ப்பேன். வளவு நிறையப் பழம் கிடக்க சவர்க்காரத்தைக் கரைக்க எனக்கென்ன விசரா? அவர் வந்து, “இஞ்சாரும், வேறை துணி இருக்கோ?” என்று ஐந்தாறு தரம் கேட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், களியில் ஊறி இன்னும் அலசாத சாரத்துண்டைப் பிழிந்து அவர் முகத்தில் எறிந்தேன்.

அந்தத் துண்டைக்கொண்டு அவர் பலகையை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார், மாதா நேரில் வந்ததுபோல. களியின் பிசுபிசுப்பில் தூள் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. பலகை பளிச்சென்று இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் விடுவாரா? துண்டைத் திரும்பத் திரும்பக் களிச் சட்டியில் தோய்த்து, மேலும் கீழும், கால் இடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்தாரா பூசினாரா என்பது வேறு கதை. அது காய முந்தியே நீலத்தையும் மேலே அடித்துவிட்டார்.

திருநாள் காலையில் தொட்டுப் பார்த்தோம். மேலே காய்ந்திருந்தது. லேசாகப் பனம்பழம் மணத்தது. இரண்டு பேரும் சந்தோசமாகப் பூசைக்குப் போனோம்.

பூசை முடிந்து அண்ணைமாரையும் கூட்டிக்கொண்டு வந்தால் படலை திறந்து கிடக்கிறது. முற்றத்தில், வாங்கின் ஒரு தலைப்பில், பக்கத்து வளவுப் பசு நின்று கண்ணை மூடிக்கொண்டு நக்குகிறது. மூக்கு முழுக்க நீலம். பனம்பழத்தைக் கண்ட மாட்டை யார் மறிப்பது? நக்கிய இடத்தில் பெயின்ற் தோல் தோலாக உரிந்து தொங்கியது.

மூன்று அண்ணைமாரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியண்ணை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “கிளாக்கர், முதல் பந்தி மாட்டுக்கோ?” என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இவர் மாட்டைக் கலைத்துவிட்டுத் திரும்பினார். காது இரண்டும் சிவந்திருந்தது. வாங்கின் நடுவில் போய்ப் பொத்தென்று குந்தினார்.

“பெயின்ற் பிழைச்சுப் போச்சுது, அண்ணை. வாங்கு பிழைக்கேல்லை. வந்து இருந்து பாருங்கோ.”

அவர் அப்படி அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணைமாரும் கேட்டதில்லை போலும். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பேர் ஒரு பக்கமும் பெரியண்ணை மறுபக்கமும் குந்தினார்கள். பிறகு வேண்டுமென்றே ஆட்டினார்கள், கடலில் வள்ளத்தை ஆட்டுகிற மாதிரி, முன்னும் பின்னும், இடமும் வலமும். வாங்கு ஒரு முனகல்கூட முனகவில்லை. பெரியண்ணை ஆட்டுவதை நிறுத்திக் குனிந்து, பொருத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். வள்ளம் பழுதுபார்க்கிறவர், அவருக்கு விளங்கும்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. சுருவம் வெளிக்கிடப் போகிறது. ஒருவாய்கூடச் சாப்பிடவில்லை. அண்ணைமார் எழும்பப் பார்த்தார்கள், வேட்டி எழும்பவில்லை. பெயின்ற் மேலேதான் காய்ந்தது, கீழே களியோடு களியாக இளகிக் கிடந்தது. ஆட்டின ஆட்டத்தில் தோல் கிழிந்து எல்லாம் வேட்டியில். பிய்த்துக்கொண்டு எழும்பினால் மூன்று வெள்ளை வேட்டியிலும் பின்னுக்குப் பெரிய நீலத் திட்டு. அந்தக் கோலத்தில் மாதாவைத் தூக்க ஏலுமோ? வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரமுமில்லை.

இவர் உள்ளே ஓடினார். அலுமாரியில் மடித்து வைத்திருந்த கந்தோர் வேட்டிகள் மூன்றையும் கொண்டுவந்து நீட்டினார். என் அண்ணைமாருக்கு அவை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டன. கட்டிக்கொண்டு, கெண்டைக்கால் தெரிய, கோயிலுக்கு ஓடினார்கள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

சுருவம் வாசலைத் தாண்டியதும் இவர் வழக்கம்போல மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். முன் காவுதடியில் நின்ற பெரியண்ணை திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலால் அந்தக் கடல் குரல் வந்தது.

“மச்சான், திரியை அவளிட்டைக் குடுத்திட்டு இஞ்சால வாரும். தோளைக் குடும்.”

இவர் அசையவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நான்தான் திரியைப் பறித்துக்கொண்டு தள்ளிவிட்டேன். சின்னண்ணை விலகி இடம் விட்டார். இவர் குள்ளம், தோள் தடிக்கு எட்டவில்லை. இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கால் பெருவிரலில் நடந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். மூன்று பேருக்கும் வேட்டி கொடுத்த மனிதர் தான் மாற்ற மறந்துபோனார். அவரும் அதே வாங்கில்தானே இருந்தவர்? மாதாவுக்குக் கீழே, ஊர் முழுக்கப் பார்க்க, என் கணவரின் பின்பக்கம் நீலமாக நடந்து போனது. என் பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். கூப்பிட்டுச் சொல்லட்டோ என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

“சொல்லாதையும், அக்கா. சொன்னா விட்டிட்டு ஓடி வந்திடுவார்,” என்றேன்.