லூசியம்மாள் தீவுக்கு ஒரு விடுமுறை

“தீவுலேர்ந்து கெளம்பி இன்னொரு தீவுக்குப் போறதுக்கா உன்ன இவ்ளோ தூரம் படிக்க வெச்சது?”

அண்ணன் இப்படிக் கேட்டபோது பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர், படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவர். நான் மடிக்கணினியைத் திருப்பி அம்மாவுக்குக் கரீபியக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆமா. அதுக்குத்தான் படிச்சேன்,” என்றேன்.

“இங்க கடல் இல்லியா? பஸ்ஸு ஏறுனா ஃபெரிங்கி. அதே மணலு, அதே உப்பு. தென்னமரம்கூட இருக்குலா.”

“அங்க நீங்க வேன் எடுத்துக்கிட்டு வர முடியாதுல்ல. அதான் அங்க போறேன்.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் பயணம் என்றால் வேன். லங்காவியோ, புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவோ, வேனில் முதலில் ஏறுவது கேஸ் அடுப்பு. அடுத்து அரிசி, பெரிய சட்டி, மிளகாய் அரைத்த டப்பா. ஆட்கள் அதற்குப் பிறகுதான். போன இடத்தில் ஆண்களும் பிள்ளைகளும் கடலில் இறங்குவார்கள். பெண்கள் கரையில் பாயை விரித்து வெங்காயம் உரிப்பார்கள். என் அம்மாவின் விடுமுறைப் படங்கள் சில என்னிடம் உண்டு. ஒன்றில்கூட அவர் கடலைப் பார்த்தபடி இல்லை. எல்லாவற்றிலும் குனிந்திருக்கிறார்.

வேலையிலும் குனிந்தே இருந்தவர்தான். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே சேர்ந்தவர், நான் பட்டம் வாங்கிய பிறகுதான் நின்றார். அப்பா இறந்த வாரத்தில்கூட ஷிஃப்ட் போனார். தொழிற்சாலை பஸ் வரும் நேரத்துக்குத்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது, துணி காய்ந்தது, நான் தூங்கினேன்.

அந்தப் பஸ்ஸில் போய்வந்த சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. எந்தப் பொருள் என்றைக்கு வந்து சேர வேண்டும், எந்த லைன் எப்போது ஓட வேண்டும், ஏதாவது தாமதமானால் அதற்குப் பதில் என்ன என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். லைன் நின்றால் என்னைத்தான் கேட்பார்கள். நான் திட்டம் போட்ட லைன் அநேகமாக நிற்பதில்லை.

அம்மாவுக்கு நெடுநாளாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அது சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது என்பது தெரிய வந்தபோது ஏற்கெனவே நிறையத் தின்றுவிட்டிருந்தது. இந்த ஆண்டுக்குள் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். தொடங்கிவிட்டால் வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும், ஆயுள் முழுக்க.

“அதுக்கு முன்னாடி எங்கயாவது தூரமா அழைச்சிட்டுப் போகலாமா டாக்டர்?”

அவர் தாள்களைப் புரட்டினார். “இப்ப எண்கள் ஏறாம நின்னுகிட்டிருக்கு. போறதுன்னா சீக்கிரம் போங்க.”

அன்றைக்குப் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றபடி முடிவெடுத்தேன். இயந்திரம் வருவதற்கு முன் என் அம்மா ஒரே ஒரு முறை, எந்த வேலையும் இல்லாமல், யாருக்கும் சமைக்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். உலக வரைபடத்தில் எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். வேன் வராத இடம், யாரும் “அக்கா, கொஞ்சம் ரசம் வெய்யுங்க” என்று கேட்காத இடம்.

செயிண்ட் லூசியா என்ற சிறிய தீவைத் தேர்ந்தெடுத்தேன். கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் இரண்டு மலைகள், அலையில்லாத கரை. லண்டனில் விமானம் மாற வேண்டும். லண்டனில் சக்கர நாற்காலி, தங்கி ஓய்வெடுக்க அறை, மருந்துக்குக் குளிர்ப்பை, உப்பில்லாத சாப்பாடு தரச் சம்மதித்த விடுதி, அந்தத் தீவின் மருத்துவமனை எந்தப் பக்கம் என்பது வரை பார்த்து வைத்தேன். விடுதி அனுப்பிய படத்தில் வரவேற்புக்கு இளநீர் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு இளநீர் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரகம் தாங்காது. அதற்கும் கடிதம் எழுதி மாற்றச் சொன்னேன். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு உள்ள நாள்களுக்கு நான் எதுவுமே போடவில்லை. என் திட்டத்தாளில் வெறும் கட்டங்கள் வரிசையாக இருந்தன. வேலையில் அப்படி ஒரு தாளைப் பார்த்திருந்தால் எனக்குக் குலை நடுங்கியிருக்கும். இந்தத் தாளை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அம்மா முதலில் பிடி கொடுக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

“அங்க கோயில் இருக்கா, பாப்பா?”

“இருக்கும்மா. நெறைய பேரு நம்ம வேதம்தான். தீவுக்கே லூசியம்மாள் பேருதான் வெச்சிருக்காங்க.”

அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். லூசியம்மாள் கண்ணுக்குரிய புனிதை. மைக்ரோஸ்கோப்பில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது.

“அத மொதல்லயே சொல்றதில்லியா!”

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அம்மாவோடு வேலை செய்து ஓய்ந்தவர்கள். அம்மா மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கண்கள். வெள்ளித் தகட்டில் வெட்டிய சின்னச் சின்னக் கண்கள், நேர்த்திக்கடனுக்குக் கோயிலில் வைக்கிறவை.

“எனக்கு வலது கண்ணுதான். மறந்துறாத,” என்றார் ஒருவர்.

“அம்மாவும் மகளும் ஏரோப்ளேன்ல போறாங்க. நம்ம கண்ணாச்சும் கூடப் போகட்டுமே,” என்றார் கீழ்மாடி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

“ஏய், திரும்பி வரும்போது என் கண்ண மட்டும் அங்க உட்டுட்டு வந்துறாத. நல்லாக்கி கொண்டா!” என்றார் இன்னொருவர்.

அம்மா ஒவ்வொரு கண்ணையும் ஒரு துண்டுத் துணியில் முடிந்து யாருடையது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் வர முடியாத இடத்துக்கும் எங்கள் ஆட்கள் வேலை கொடுத்தனுப்பக் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாவோ அந்த வேலை கிடைத்த பிறகுதான் பெட்டியை இறக்கித் துடைத்தார். சும்மா வரச் சொன்னதற்கு அவர் ஒரு நாளும் சரி என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் விடவில்லை. ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தேன். புதிதாக எதையும் லைனில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சமாக ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை ஃபெரிங்கியில் கடலோர விடுதி ஒன்றில் அறை எடுத்தேன். அம்மாவை நிழலில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அவர் சாயவில்லை. நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலில் செருப்பு, மடியில் கைப்பை, கைப்பைமேல் இரண்டு கைகளும். தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர் உட்காரும் விதம் அது. பணியாள் தண்ணீர் கொண்டுவந்தபோது சட்டென்று எழுந்து நின்றார்.

“ஒக்காரும்மா. அவங்க குடுப்பாங்க.”

“அந்தப் புள்ள நிக்குதே.”

“அதான் அவங்க வேல.”

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், அல்லது கடல் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மேற்பார்வையாளரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“எத்தன மணிக்கு முடியும்?”

“என்னாம்மா முடியும்?”

“இதான். இந்த ஒக்காந்திருக்கிறது.”

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் கையில் கைப்பேசி இருந்தது, அதில் மறுவாரத்துக்கான பொருள் வரத்து அறிக்கை திறந்திருந்தது. இரண்டு பேரும் கடலுக்கு முன்னால் வேலைக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். இருக்கும் பணத்துக்கு எவ்வளவு தூரமும் போகலாம், ஆனால் அந்த நாற்காலியில் சாய்வதற்கு வேறு ஏதோ வேண்டும், அதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் பள்ளியிலும் அதைப் படிக்கவில்லை. தேர்வு, அடுத்த தேர்வு, அதற்கடுத்த தேர்வு என்றுதான் படித்தேன்.

மறுநாள் காலை அறையைக் காலி செய்தபோது அம்மா படுக்கையை விரித்து, குளியலறைத் தரையைத் துடைத்து வைத்திருந்தார். “நாம இருந்துட்டுப் போன எடம் அசிங்கமா இருக்கக் கூடாது” என்றார். துடைத்த களைப்பில் வெகுநேரம் மூச்சு வாங்கினார். களைப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

அது களைப்பு இல்லை. அந்த வாரமே கால்கள் வீங்கின. படியேற முடியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் இம்முறை தாள்களைப் புரட்டவில்லை.

“விமானம் வேணாம். எங்கயும் வேணாம். இப்பவே ஆரம்பிக்கணும்.”

நான் பயணத் தேதியைச் சொன்னேன். அறிவில்லாமல்தான் சொன்னேன், ஏதோ தேதியைக் காட்டினால் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ளும் என்பதுபோல. அம்மா என் முழங்கையைப் பிடித்தார். “வா பாப்பா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க.”

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்னை எடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நான் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. “வாங்குனது நானு. நாந்தான் குடுக்கணும்.” வீங்கிய காலோடு மாடி மாடியாக இறங்கினார். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, மிச்சத்தைப் படியில் இறங்க வேண்டும். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு கதவிலும் முடிச்சை அவிழ்த்து, கண்ணைக் கையில் வைத்து, “மன்னிச்சிரு, என்னால முடியல” என்றார். தன் நோய்க்காக மன்னிப்புக் கேட்டார்! கீழ்மாடி அக்கா வாங்க மாட்டேன் என்றார். “வெச்சிரு. நல்லாயிட்டு போவ.” அம்மா அதை அவர் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தார். முன்பு கேட்டதை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “டிக்கெட்ட என்னா செய்யப் போற?” என்றார்.

“ரத்து பண்ணியாச்சு.”

“நீ மட்டுமாச்சும் போயிட்டு வாயேன். நான் பாத்துக்கறேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அழுதேன். தனியாக அங்கே போய் நான் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். வாரம் மூன்று நாள் நிலையத்துக்குப் போய் இயந்திரம். இல்லையென்றால் வயிற்றில் சிறு குழாய் வைத்து, வீட்டிலேயே ஒரு நாளைக்குப் பலமுறை மருந்துநீரைப் பையிலிருந்து ஏற்றி இறக்குவது. அம்மாவின் மங்கிய பார்வைக்கு அதைத் தனியாகச் செய்ய முடியாது, வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் தாதி. காலையிலும் மாலையிலும் படுக்கும் முன்பும் நான் செய்கிறேன், மதியத்துக்குக் கீழ்மாடி அக்காவைக் கேட்கிறேன் என்றேன். எத்தனை வருடத்துக்கு என்று நான் கேட்கவில்லை. பையோடு பயணம் போக முடியுமா என்றும் கேட்கவில்லை. அது அம்மாவுக்கு ஓய்வாக இருக்காது, எனக்கும் இருக்காது. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு ஷிஃப்ட் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தூசி இல்லாத ஓர் அறை வேண்டும் என்றார்கள். படிவம் ஐந்து தேர்வின்போது எனக்கென்று ஒதுக்கிய சின்ன அறையை அண்ணனும் நானும் காலி செய்தோம். அண்ணன் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றினார். திரைச்சீலையைக் கழற்றி, மின்விசிறியை இறக்கி, சுவருக்கு வெள்ளை அடித்தேன். இன்று காலை, கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே பை தொங்கும் உயரத்தை அளந்து சுவரில் கொக்கியை முடுக்கினேன். மருந்துநீரின் கனத்துக்கு நான்கு பாட்டில் தண்ணீரை ஒரு பையில் போட்டு மாட்டிப் பார்த்தேன். தாங்குகிறது.