அடுப்பை அணைத்துவிட்டுப் போனவள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அறுவடை மெஷின்காரர் போன் செய்தார். மேகம் கட்டுகிறது, உடனே வந்தால் எங்கள் வயலில் இறக்குவாராம், இல்லையென்றால் கீழ்வேளூர் பக்கம் போய்விடுவாராம். நானும் கணவரும் போட்டது போட்டபடி ஓடினோம். சேற்றில்தானே இறங்கப்போகிறோம் என்று செருப்பை வாசலிலேயே விட்டேன். என் போன் சார்ஜில் கிடந்தது. அடுப்பில் பால் இருந்தது நினைவில்லை. கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பியபோது வீடெல்லாம் தீய்ந்த பால் நாற்றம். அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. கூடத்தின் நடுவில் மகளின் டியூஷன் பை. அவள் இல்லை, சைக்கிளும் இல்லை. எட்டாவது படிக்கிறாள், சொல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள்.

போனை எடுத்துப் பார்த்தேன். நாலு பத்திலிருந்து அதிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு மூன்று முறை. மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு போதகரம்மாவுக்கு, என் அக்காவுக்கு, ஞாயிறு பள்ளி டீச்சருக்கு. ஒருவரும் எடுக்கவில்லை. அன்று சபையில் உபவாச ஜெபம். போன்களெல்லாம் சைலண்டில் இருந்திருக்கும். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. அவள் கூப்பிட்ட எல்லாருமே விசுவாசிகள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது புரிந்ததும் கணவரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

போன மாதம் சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போனது நான்தான். இயேசுவின் வருகை நாளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், செருப்பு வாசலில் கிடக்கும், பரிசுத்தவான்கள் மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, வீட்டில் இருக்கமாட்டார்கள் என்றார் பிரசங்கியார். கைவிடப்பட்டவர்களுக்கு அப்புறம் உபத்திரவமும் நியாயத்தீர்ப்பும்தான். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். நான் ஆமென் சொன்னேன்.

அது போதாதென்று அன்று காலையிலும் ஒன்று நடந்தது. பொங்கலன்று தோழி வீட்டில் படையல் பொங்கலைச் சாப்பிட்டதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

"ஒரு வாய்தாம்மா."

"ஒரு வாயோ ஒரு தட்டோ, மறைச்சல்ல? இன்னைக்கே வருகை இருந்தா நாங்க போயிடுவோம். நீதான் தனியா நிக்கணும்."

தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

சைக்கிள் வாய்க்கால் மதகடியில் கிடந்தது. தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் மூங்கில் கழியோடு ஓடிவந்து துழாவினார்கள். கழி எதிலோ தட்டி நின்றது. "வேருங்க, வேருதான்" என்றார் ஒருவர். ஜெபிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. யார் பேரைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினேனோ அவரிடமே எப்படிக் கேட்பது?

அப்போது மேட்டில் ஒரு ஸ்கூட்டி வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்து ஊரில் இருக்கும் அந்தத் தோழியின் அம்மா. பின்னால் என் மகள். வண்டி நிற்குமுன் குதித்து ஓடிவந்து என் கையைக் கிள்ளினாள். இன்னொரு முறை, வலிக்கும்படி.

"சைக்கிள் செயின் அறுந்துபோச்சாம், நடந்தே வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. "வாசல்ல நின்னுகிட்டு, 'ஆன்ட்டி, நீங்க இருக்கீங்கள்ல?'ங்குது. இருக்கேன்டி, நான் எங்க போவப்போறேன்னேன். ஓன்னு அழுவுது. 'எங்க வீட்ல எல்லாரும் போயிட்டாங்க, நீங்க போயிருக்க மாட்டீங்கன்னு தெரியும், உங்களோட இருந்துக்கவா?'ன்னு கேக்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. அம்மா நம்பர் சொல்லுடின்னா, யாரும் எடுக்கமாட்டாங்கங்குது."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அது கெடக்கட்டும்க்கா. உங்கள யாரு வந்து கூட்டிட்டுப் போனாலும் சரி, புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."