எக்ஸ்ட்ராவாக ஒன்றும் மாட்டவில்லை!

சென்ற பௌர்ணமியன்று காலை. நீராடி, திருநீறணிந்து, கணினியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது, விளக்கும் எரிந்தது. திரை மட்டும் விழிக்க மறுத்தது. கரிய திரையின் மூலையில் ஒரு சிறு வெள்ளைக் கோடு... தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது.

அணைத்தேன். மீண்டும் போட்டேன். மீண்டும் அதே கோடு!

வேறு நாளாயிருந்தால் பொறுத்திருப்பேன். அன்று மாலை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், எங்கள் வேங்கிக்கால் பதிகக் குழு பாட வேண்டும். முதற்குரல் எடுத்துக் கொடுப்பவர் எதிர்வீட்டுக் கமலாம்மாள். அண்மையில்தான் அவருக்குக் கண்புரை நீக்கினார்கள். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. குழுவின் கைப்புத்தகமோ பொடி எழுத்து. ஒத்திகையில் அவர் தடுமாறியபோது மற்றப் பெண்கள் கேலி செய்துவிட்டார்கள். "பெரிய எழுத்தில் நான் அச்சடித்துத் தருகிறேன்" என்று வாக்களித்திருந்தேன்.

"பேப்பர் வந்தா பாடறேங்க. வரலன்னா, நானும் ஒரு ஓரமா குந்திக்கினு கை தட்டிட்டு வந்துடறேன்" என்றார் கமலாம்மாள். அவர் பாடாத பௌர்ணமியை நான் கண்டதில்லை.

நகரில் கணினிக் கடை வைத்திருக்கும் தமீமை அழைத்தேன்.

"இன்னிக்கு எப்படி சார் வர்றது? பௌர்ணமி... ரோடெல்லாம் அடைச்சிட்டாங்க. போன்லயே சொல்றேன், செய்யுங்க. நேத்து கரண்ட் போச்சா?"

போயிருந்தது. நான் கணினியை அணைக்கும் வழக்கம் இல்லாதவன். பல மாதங்களாக அதைத் தூங்க மட்டுமே வைத்திருந்தேன். மின்வெட்டுதான் அதை முழுவதுமாக அணைத்திருக்கிறது.

"பின்னாடி எக்ஸ்ட்ராவா எதனா மாட்டியிருக்கீங்களா?"

"எக்ஸ்ட்ராவா ஒண்ணும் இல்லப்பா."

மின்கம்பியைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். செருகினேன். கீபோர்டையும் மவுஸையும் கழற்றி மாட்டச் சொன்னார். மாட்டினேன். பயன்? அந்த வெள்ளைக் கோடுதான்!

"அப்ப மதர்போர்டா இருக்கும்னு தோணுது சார். நாளைக்கு வந்துதான் பாக்கணும்..."

நாளை என்றால் பௌர்ணமி கடந்துவிடுமே! அச்சமயம் சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, மேசையை ஒரு நோட்டம் விட்டாள்.

"ஏங்க, அந்தப் பொட்டு வெச்ச டப்பாவச் சொன்னீங்களா?"

"எது?"

"ஆயுதபூசை அன்னிக்கு சந்தனம், குங்குமம் வெச்சு மாட்டினீங்களே, அதுதான். என்னைத் தூசி தொடைக்கக்கூட வுடறதில்லையே!"

அவள் சொன்னது என் வெளி ஹார்ட் டிஸ்க்கை. நான் தட்டச்சு செய்த பதிகங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. அன்று பொட்டிட்டு மாட்டியவன், பிறகு அதைக் கழற்ற மனம் வராமல் அப்படியே விட்டிருந்தேன்.

"அது எக்ஸ்ட்ரா இல்ல... பதிகம்!" என்றேன்.

தொலைபேசிக்குள் தமீம் சிரிப்பது கேட்டது. "சார், நமக்குத்தான் சார் அது பதிகம். கம்ப்யூட்டருக்கு அது வெறும் டிஸ்க். மொதல்ல அதக் கழட்டுங்க."

கண்ணில் ஒற்றிக்கொண்டு கழற்றினேன். பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது!

பிறகுதான் தமீம் விளக்கினார். கண் விழிக்கும் கணினி, தன்னை இயக்கும் மென்பொருள் எங்கே இருக்கிறது என்று மாட்டியிருக்கும் டிஸ்க்குகளைத் தேடிப் பார்க்குமாம். என் கணினியிலோ வெளி டிஸ்க்குக்கே முதல் இடம். அதை மாட்டிய பிறகு கணினி முழுவதும் அணைந்து எழுந்தது அன்றுதான். ஆக, காலையிலிருந்து அந்த அப்பாவி இயந்திரம் என் பதிகங்களுக்குள் நுழைந்து, வழி தெரியாமல் நின்றிருக்கிறது. அடியார்களுக்கும் நேர்வதுதானே!

கணினி விழித்தபின் டிஸ்க்கை மாட்டினேன். ஒரு வரிகூடப் பழுதில்லை. அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளத் தொடங்கியது. அச்சு முடிந்ததும், இனி இந்தத் தொல்லை வராதிருக்க, கணினியின் அமைப்புப் பக்கத்தைத் (செட்டிங்ஸ்) திறந்து, பட்டியலில் மேலே இருந்த வெளி டிஸ்க்கைக் கீழே இறக்கச் சொன்னார் தமீம். என் விரல் தயங்கியது. பதிகத்தை நானே கீழே இறக்குவதா?

"இறக்குங்க. சாமி கோச்சிக்காது. மறுபடி இது இப்படி நின்னு பேப்பர் போகலன்னா கமலாக்காதான் கோச்சிக்கும்" என்றாள் மனைவி.

இறக்கினேன்.

யோசித்துப் பாருங்கள். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், காலங்காலமாக விழுங்கிவரும் மாத்திரையை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? பழகிப்போனது எதுவும் நம் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிவதில்லை!

மாலையில் கமலாம்மாள் பெரிய எழுத்துத் தாளைக் கையில் ஏந்தி முதற்குரல் எடுத்தார். கணீரென்ற குரல்! வலம் வந்தவர்களில் சிலர் நின்று கேட்டார்கள். இரண்டாம் பதிகம் தொடங்கியபோதுதான் கவனித்தேன்... இருபுறமும் அமர்ந்திருந்த பெண்கள் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கைப்புத்தகங்கள் மடியில் மூடிக் கிடந்தன.

"அக்கா, பேப்பர இப்படிக் கொஞ்சம் திருப்புங்க..."

"ஏண்டி, உங்களுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுதே!"

"எங்கக்கா தெரியுது? ஏதோ மனப்பாடத்துல ஓட்டிக்கினு இருந்தோம்!"

சிரிப்பு அடங்கிப் பாட்டுத் தொடரச் சற்று நேரமாயிற்று. அடுத்த பௌர்ணமிக்குக் குழு முழுவதற்கும் பெரிய எழுத்துப் பிரதிதான். தமக்குக் கண் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் கமலாம்மாள் ஒருவரே, பலன் எல்லாருக்கும்.

அன்று காலை கமலாம்மாளுக்கு அச்சிடும்போதே எனக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டேன் — உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்!