தகரப் பெட்டிக்குள் ஒரு கேசட்

புகழ்பெற்ற ராக் குழுவிலிருந்து விலகிய இருவர் பழைய பாணியிலேயே போட்ட ஆல்பம் அது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரே கேசட்.

போர்ட் பிளேர் ஈரத்துக்கு எல்லோரையும் போல நானும் கேசட்டுகள் இருக்கும் பீரோவுக்குள் பல்பு எரியவிடுகிறேன். சூட்டில் கெட்டுவிடுமோ என்று பயந்து இதை மட்டும் தகரப் பெட்டியில் வைத்தேன்.

இன்று பார்த்தால், பூஞ்சை பிடித்திருப்பது இது மட்டும்தான்.

டெலானிபூரில் ரேடியோ பழுது பார்க்கும் செல்வத்திடம் ஓடினேன்.

"அங்கிள், ஃபுல் ஃபங்கஸ். துடைக்கிறப்ப அறுந்தா நம்ம ஜிம்மேதாரி நஹி, பொறுப்பு உங்களுது. செய்யவா?"

தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவர் நாடாவை இழுத்து இழுத்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அதைப் பார்க்க முடியாமல், சுவரைப் பார்த்தபடி அந்தக் குழு உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஒருவழியாகப் பாடியது. செல்வம் இரண்டு பாட்டு கேட்டார்.

"அந்த பேண்ட் பாட்டு என் மொபைல்லயும் இருக்கு அங்கிள். சச் மே, நிஜமாவே, விட்டுட்டு வந்த இவங்கதான் அவங்களவிட அச்சா."

எனக்கும் பல வருடங்களாக அதே எண்ணம்தான். வெளியே சொல்லப் பயம். இப்போதும் சொன்னது செல்வம்தான், நான் இல்லை. திட்ட விரும்பும் அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு: அவர் கடை காலை பத்து மணிக்குத் திறக்கும்.