போகியில் வெளியே போன கூரை

மார்கழிப் புயலில் பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டு சிமெண்ட் ஷீட் கூரை உடைந்து விழுந்தது. இன்சூரன்ஸுக்குத் தகவல் சொன்னோம். சேதத்தைப் பார்க்க அவர்களுடைய சர்வேயர் வருவதற்குள் போகி வந்துவிட்டது. "ஒடஞ்சத வூட்ல வெச்சிக்கினு யாராவது பொங்கல் வெப்பாங்களா?" என்று நான்தான் கணவரை விரட்டி எல்லாவற்றையும் வெளியே போட வைத்து, புது ஷீட்டும் மாட்டியாயிற்று. பொங்கல் கழித்து வந்த சர்வேயர் உடைந்த ஷீட்டைக் கேட்டார். காட்ட ஒன்றுமில்லை. ஆதாரம் இல்லையென்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள்.

அழுதேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காதான், "ஏம்மா அழுதுக்கினு கீற? நீங்க தூக்கிப்போட்ட பெரிய துண்டுங்கள நாங்க எடுத்தாந்து போட்டோம், எங்க ஆட்டுக் கொட்டாய் மேலதான் கீது" என்றார். எங்கள் வீட்டு நீல பெயிண்டோடு அப்படியே இருந்தன. போட்டோ எடுத்து அனுப்பி, மறு ஆய்வு கேட்டோம். சர்வேயர் ஆடுகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தார். கிளெய்ம் கிடைத்தது.

மறுத்தவுடன் ஓய்ந்துவிடாதீர்கள். நான் இப்போது போகியன்றும் முதலில் போட்டோ எடுக்கப் போனைத்தான் எடுக்கிறேன், துடைப்பத்தை அப்புறம்தான்.